பச்சை மேசையில் வந்த மூன்றாம் கட்சி

போன மாதம் லீனா தொலைபேசியில் அழைத்தாள். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில், வயதுவந்தவர்கள் படிக்கும் பள்ளியில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் பாடங்களைப் பொறுப்பெடுத்த இளம் ஆசிரியை அவள். மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டு வரும் கட்டுரைகளை எல்லாம் இப்போது கணினியே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். எழுத்தை நம்ப முடியாது, இனி எதையும் நேரில் உட்கார்த்தி வாயால் கேட்டுத்தான் புள்ளி போடவேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறதாம்.

"நீ காலமெல்லாம் வாய்மொழிப் பரீட்சை நடத்தியவள். அதில் என்ன சூட்சுமம்?" என்று கேட்டாள்.

"வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்," என்றேன்.

சிரித்தாள். நான் உண்மையைச் சொல்லும்போதுதான் டேனிஷ்காரருக்குச் சிரிப்பு வரும். முழுக்கதையையும் தொலைபேசியில் சொல்லப் பொறுமை இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் டேனிஷ்காரர்கள் என்னை 'நீ' என்று கூப்பிட்டால் கோபிக்க வேண்டாம். அந்த மொழியில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான். நான் அதற்குப் பழகச் சில வருடம் எடுத்தது.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து எண்பதுகளின் கடைசியில் வந்தவள் நான். மீன் தொழிற்சாலையில் பெட்டி கழுவினேன், முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்தேன், மிச்ச நேரத்தில் மொழி படித்தேன். ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறும் சமூகவியலும் படித்து ஆசிரியையானேன். இந்தப் பகுதியை எங்கள் ஆட்கள் எல்லோரும் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். நானும் எழுதி யாரையும் அழவைக்கப் போவதில்லை.

வேலை கற்றுத் தந்தவர் ஹென்னிங், எங்கள் பாடப் பிரிவின் தலைவர். நெடிய மனிதர். பள்ளிக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நடப்பார், அதனால் வருவதே தெரியாது. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பிழை என்ற சொல்லும் அவர் வாயில் வராது. "சுவாரசியமாக இருக்கிறது" என்பார். அவர் அப்படிச் சொல்லிவிட்டால் நாங்கள் தொலைந்தோம் என்று அர்த்தம்.

என் முதல் வாய்மொழிப் பரீட்சையில் அவர் வந்து மூலையில் உட்கார்ந்தார். நான் மாணவர்களுக்கு என்று வீட்டிலிருந்து கட்லட் பொரித்துக் கொண்டுபோயிருந்தேன். பாவம், பயந்துபோய் வருவார்கள், வயிற்றுக்கு ஏதும் இருக்கட்டும் என்ற எண்ணம். ஹென்னிங் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார். "சுவாரசியமாக இருக்கிறது," என்றார். தட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஆசிரியர் அறையில் வைத்துவிட்டு வந்தார்.

"இந்த அறையில் நீ வீட்டுக்காரி இல்லை. அவர்கள் விருந்தாளியும் இல்லை," என்றார். "தண்ணீர் வை, அது போதும். ஆறுதல் சொல்லாதே. ஒருவனுக்குச் சொன்னால் எல்லோருக்கும் சொல்லவேண்டும். எல்லோருக்கும் சொன்னால் அது ஆறுதல் இல்லை."

பிறகு மேசையைக் காட்டித் தந்தார். பச்சைத் துணியை விரித்து, கேள்விச் சீட்டுகளைக் கவிழ்த்து வைக்கவேண்டும். வேறு ஊரிலிருந்து அமைச்சு அனுப்பும் வெளிப் பரீட்சகர், அவரைச் சென்சோர் என்போம், அவர் பார்த்திருக்க வைக்கவேண்டும். மாணவர் கையை நீட்டும்போது நான் சீட்டுகளைப் பார்க்கக்கூடாது. என் கண் போகிற இடத்துக்கு அவர் கை போய்விடும் என்றார் ஹென்னிங். மணிக்கூடு எனக்குத் தெரியவேண்டும், மாணவருக்குத் தெரியக்கூடாது. கேள்வியை நடத்துவது ஆசிரியர், கேட்டுக் குறிப்பெடுப்பது சென்சோர். விரும்பினால் சென்சோரும் இடையில் கேட்கலாம்.

"அமைதி விழுந்தால் அதை நிரப்பாதே," என்றார் கடைசியில். "அமைதி மாணவனுடையது. அதை அவனிடமிருந்து பிடுங்க உனக்கு உரிமை இல்லை."

யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பார்த்து இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? எங்களுக்கு ஓர் ஆளைக் கண்டதும் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடிக்காவிட்டால் தண்ணீர் இறங்காது. எவடம் என்றால் எந்த ஊர், ஆற்றை ஆக்கள் என்றால் யாருடைய உறவு, எந்தப் பள்ளிக்கூடம், எப்ப வந்தனீங்கள். அதுதான் எங்கள் அன்பு. ஆனாலும் ஹென்னிங் சொன்னதைப் பழகிக்கொண்டேன், ஓரளவுக்கு.

அமெரிக்கக் கட்சிகளின் வரலாறு எனக்குப் பிடித்த பாடம். டேனிஷ் மாணவருக்கு அதை விளங்கப்படுத்துவது ஒரு வேடிக்கை. இங்கே தேர்தல் வந்தால் வாக்குச்சீட்டு சால்வை நீளத்துக்கு இருக்கும். நூற்றுக்கு இரண்டு வாக்கு எடுத்த கட்சிக்கும் பாராளுமன்றத்தில் கதிரை உண்டு. ஆகவே, "அவ்வளவு பெரிய நாட்டில் இரண்டே இரண்டா? மற்றதைத் தடைசெய்துவிட்டார்களா?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். தடை ஒன்றும் இல்லை, தொகுதியில் முதலாவதாக வந்தவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறார், மூன்றாவதாக வந்தவருக்கு வெறுங்கை என்று நான் கரும்பலகையில் படம் போடுவேன். இன்றைக்குப் பெருங்கட்சியாக இருக்கும் குடியரசுக் கட்சியே, விக் என்ற பழைய கட்சி அடிமை முறைச் சண்டையில் சிதறியபோது அந்த இடத்தில் முளைத்த புதுக்கட்சிதான் என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள்.

அப்படி ஒரு வகுப்பில்தான் ஜெயசீலன் இருந்தார். அடுத்து வரும் இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல், ஆதலால் வகுப்பில் நல்ல சூடு. அவருக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். பிராண்டேயில் காற்றாலைக்கு இறகு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் வேலை செய்து தோள்மூட்டைத் தேய்த்துக்கொண்டவர். இனிக் கையைத் தலைக்குமேல் தூக்கும் வேலை கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சிறுவர் நிலையங்களிலும் ஊனமுற்றோர் இல்லங்களிலும் வேலை செய்வதற்கான படிப்பில் ரண்டர்ஸில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. ஒரு நிபந்தனை: கோடைக்குள் சமூகவியலில் சித்தியடைய வேண்டும். தவறினால் இடம் போய்விடும், நகரசபை கொடுக்கும் உதவியும் நின்றுவிடும். மனைவி மேரி பள்ளிக்கூடங்களில் துப்புரவு வேலை செய்து வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் இடைவேளையில் ஆசையோடு போய்த் தமிழில் கதைத்தேன்.

"நீங்கள் எவடம்?"

"மட்டக்களப்பு, ரீச்சர்."

"மட்டக்களப்பில எவடம்?"

"பக்கத்திலதான், ரீச்சர்," என்று சொல்லிவிட்டுக் கோப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டேனிஷில் மற்றவர்களைப் போல என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நீ என்பார், கேள்வி கேட்பார். தமிழில் ரீச்சர் என்ற ஒரு சொல்லோடு நின்றுகொள்வார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுத்தில் ஆள் கெட்டிக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தெற்கிலும் சமவெளியிலும் கடனில் மூழ்கிய விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய மக்கள் கட்சியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை நான் ஹென்னிங்குக்குக் காட்டினேன். அந்தக் கட்சி கடைசியில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரையே தன் வேட்பாளராக ஏற்று, அதோடு கரைந்துபோனது. ஆனால் அவர்கள் கேட்ட வருமான வரியும், செனட்டர்களை மக்களே நேரடியாகத் தெரிவுசெய்வதும் பின்னால் சட்டமாகின. "தோற்றவர்களின் பட்டியலில்தான் அடுத்த சட்டம் இருக்கிறது" என்று எழுதியிருந்தார். ஹென்னிங் சுவாரசியமாக இருக்கிறது என்று சொல்லாமல், நன்றாக இருக்கிறது என்றார்.

ஒரு நாள் வகுப்பில் மூலை விளையாட்டு வைத்தேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்னாள் ஜனாதிபதி ஒருவர் குடியரசுக் கட்சியோடு மனக்கசந்து தனிக்கட்சி அமைத்துப் போட்டியிட்ட தேர்தல். அந்தப் பிளவால் ஜனநாயகக் கட்சிக்காரர் வென்றார். நீங்கள் அன்றைய வாக்காளர், யாருக்குப் போடுவீர்களோ அந்த மூலைக்குப் போய் நில்லுங்கள் என்றேன். எல்லோரும் கதிரையை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஜெயசீலன் வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எல்லோரும் திரும்ப உட்கார்ந்த பிறகுதான் வந்தார். அதையும் கூச்சம் என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் பரீட்சை வந்தது. நடைபாதையில் மேரியும் அவர்களுடைய மகளும் சின்ன டேனிஷ் கொடிகளோடு காத்திருந்தார்கள். கடைசிப் பரீட்சை முடித்து வருகிறவரைக் கொடியோடு வரவேற்பது இங்கே வழக்கம். சித்தியடையும் முன்பே கொடியும் வாங்கிவிட்டார்கள். மகள் டேனிஷில், "அப்பா, மூச்சு விடு," என்றாள். அவர் தமிழில், "விடுறன் மகள்," என்றார்.

சென்சோர் ரண்டர்ஸிலிருந்து வந்திருந்தார். ப்ரேபன் என்று பெயர், நரைத்த, நிதானமான ஆசிரியர். பென்சிலைச் சீவிச் சீவி வரிசையாக வைப்பவர். ஜெயசீலன் கையை நீட்டினார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் சீட்டைத் திருப்பி வாசித்தார்: அமெரிக்காவின் பெருங்கட்சிகளும் மூன்றாம் கட்சிகளும். முருகா என்று மனதுக்குள் சொன்னேன். இதைவிட நல்ல சீட்டு அவருக்கு அந்த மேசையில் இல்லை.

பக்கத்து அறையில் ஆயத்தம் செய்துவிட்டு வந்து அழகாகத் தொடங்கினார். விக் கட்சியின் வீழ்ச்சி, விவசாயிகளின் கட்சி, முன்னாள் ஜனாதிபதியின் பிளவு. தொண்ணூறுகளில் ஒரு கோடீசுவரர் நாட்டின் வாக்கில் ஏறக்குறைய ஐந்திலொன்றை எடுத்தும் ஜனாதிபதியை முறைப்படி தெரிவுசெய்யும் தேர்வாளர் வாக்கு ஒன்றுகூடக் கிடைக்காமல் போனது. இரண்டாயிரத்தில் ஒரு மாநிலத்தில் சில நூறு வாக்கு வித்தியாசத்தில் நாட்டின் தலைவர் முடிவானபோது, சிறு கட்சிக்கு விழுந்த வாக்குகளை எல்லோரும் திட்டியது. நான் இடையில் இரண்டு கேள்விதான் கேட்டேன். ப்ரேபன் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார்.

பிறகு ப்ரேபன் பென்சிலைக் கீழே வைத்தார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஜெயசீலன் விவரித்துவிட்டார், விளக்கிவிட்டார், இனி மதிப்பிடவும் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். அதுதான் பாடத்தின் உச்சப்படி.

"நீ அந்தச் சமவெளி விவசாயி என்று வைத்துக்கொள். மூன்று பெயர் சீட்டில் இருக்கிறது. நீ யாருக்குப் போடுவாய், ஏன்?"

ஜெயசீலன் தண்ணீரைக் குடித்தார்.

"சரி, வரப்போகிற தேர்தலில்? நீ அமெரிக்கனாக இருந்தால்?"

முகத்தில் இருந்த களை எல்லாம் வடிய, அவர் கையிலிருந்த குறிப்புத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். ஹென்னிங் சொன்னபடி அமைதியை விட்டுப் பார்த்தேன். அது நீண்டுகொண்டே போனது. ப்ரேபன் கேள்வியை வேறு சொற்களில் கேட்டார். நான் டேனிஷில் உன் கட்டுரையை நினைத்துப்பார் என்றேன். அவர் வாசல் கதவைப் பார்த்தார். மணிக்கூடு எனக்குத்தான் தெரியும், அது போய்க்கொண்டிருந்தது. ப்ரேபன் பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார். தலைகீழாக இருந்தும் எனக்கு வாசிக்க முடிந்தது. இரண்டு பூச்சியம். இங்கே இரண்டு எடுத்தாலே சித்தி, பன்னிரண்டு உச்சம்; பூச்சியம் என்றால் சித்தி இல்லை என்று அர்த்தம்.

வெளியே கொடியோடு நிற்கும் மேரி கண்ணுக்குள் வந்தார். வாய் தானாகத் திறந்துவிட்டது, அதுவும் தமிழில்.

"பயப்பிடாதேங்கோ. நான்தானே இருக்கிறன், சொல்லுங்கோ."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே வந்த பிறகு கண்டதில்லை. ஊரில், சோதனைச்சாவடியில் பேருந்தை நிறுத்தி ஆட்களை இறக்கும்போது, ஆட்களைக் காட்டிக்கொடுக்க நிறுத்திய முகமூடிக்காரன் தலையை ஆட்டுவானா மாட்டானா என்று வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அதே பார்வையால் அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்னாய்?" என்று ப்ரேபன் கேட்டார்.

"பயப்படவேண்டாம் என்றேன்."

"தயவுசெய்து டேனிஷில் பேசு," என்றார். அவர் சொன்னது சரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மேசையில் அவர் பயந்தது அந்நியனைக் கண்டு அல்ல, என்னைக் கண்டுதான். நான் இருப்பது அவருக்குத் தெம்பு என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிராண்டேயிலிருந்து ரண்டர்ஸ் வரை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். காலையில் கோயிலில் கதைத்தது பின்னேரம் தேவாலயத்துக்கு வந்துவிடும். எங்கள் மண்ணில், அதுவும் அவருடைய கிழக்கில், நீ எந்தக் கட்சி என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர்களும் செத்தார்கள், சொல்லாதவர்களும் செத்தார்கள். எவடம், எவடம் என்று நான் அன்பாகக் கேட்டபோதெல்லாம் அவருக்கு அது விசாரணையாகத்தான் இருந்திருக்கும். விவசாயியோ அமெரிக்கனோ, ஒரு தமிழருக்கு முன்னால் அவர் ஒரு கட்சிப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்போவதில்லை. ரண்டர்ஸ் இடம் போனாலும் சொல்லப்போவதில்லை.

நான் எழுந்தேன்.

"ப்ரேபன், நீ தொடர்ந்து கேள். என்னிடம் கேள்வி இல்லை," என்று சொல்லிவிட்டு ஜன்னலடிக்குப் போய் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பரீட்சையை நடத்துகிற ஆசிரியை மேசையை விட்டு எழுவது எந்த விதியிலும் இல்லை. கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு தகப்பன் குழந்தை இருக்கையைப் பூட்டத் தெரியாமல் மல்லாடிக்கொண்டிருந்தான். அவனையே பார்த்தேன்.

பின்னால் ஒரு கதிரை மெல்ல நகர்ந்தது. பிறகு ஜெயசீலன் பேசினார், தாழ்ந்த குரலில், டேனிஷில், ப்ரேபனுக்கு மட்டும்.

"என் ஊரிலும் கட்சிகள் அப்படித்தான் இருந்தன. இரண்டு பெரியவர்கள், ஒரு சிறியவர். என் அண்ணன் அந்தச் சிறியவரின் துண்டுப் பிரசுரக் கட்டைக் கொண்டுபோனான். சிறியவருக்கு விழும் வாக்கை இரண்டு பெரியவர்களுமே தங்களிடமிருந்து திருடிய வாக்கு என்று நினைத்தார்கள். அவன் திரும்பி வரவில்லை. இரண்டில் யார் அவனைக் கொண்டுபோனார்கள் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. அதனால் யாருக்குப் போடுவேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் மதிப்பிட முடியும். மூன்றாம் கட்சி வெல்வதற்காக இருப்பதில்லை, பெரியவர்களைப் பயப்படுத்துவதற்காக இருக்கிறது. பயந்த பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் நாட்டை மதிப்பிடவேண்டும். அமெரிக்காவில் பயந்தபோது அந்த விவசாயிகளின் கொள்கையை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் இடத்தில் கொள்கையை விட்டுவிட்டு ஆளை எடுத்துக்கொண்டார்கள். கொள்கையை எடுத்துக்கொள்ளும் நாட்டில் மூன்றாவதுக்குப் போட்ட வாக்கு வீண் இல்லை."

நேரம் முடிந்தது. அவர் வெளியே போனார். நான் மேசைக்குத் திரும்பினேன்.

இனி எங்கள் இருவர் விடயம். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு புள்ளிகளின் சராசரியை எடுப்பார்கள், அது நடுவில் விழுந்தால் சென்சோரின் பக்கம் சாயும். அவர் பூச்சியத்தில் நின்றாலும், நான் பெரிய எண்ணாகச் சொன்னால் சராசரி ஜெயசீலனைக் கரைசேர்த்துவிடும். அந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அப்படிக் கிடைப்பது யாழ்ப்பாணத்து ரீச்சர் போட்ட பிச்சையாக இருக்கும். அவர் அதை முகர்ந்தே கண்டுபிடிப்பார்.

"நீ அந்த நாட்டுக்காரி," என்றார் ப்ரேபன். "அண்ணனைப் பற்றி அவன் சொன்னது உண்மையா?"

"அதற்கு நான் பதில் சொல்லமாட்டேன்."

"தெரியாதா, சொல்லமாட்டாயா?"

"தெரிந்தாலும் சொல்லமாட்டேன். அவனுடைய அண்ணனுக்கு நாங்கள் புள்ளி போடவில்லை. அவனுடைய வாதத்துக்குப் போடுகிறோம்."

அவர் முகம் இறுகியது. "அவன் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. யாருக்கு என்று கேட்டேன்."

"யாருக்கு, ஏன் என்று கேட்டாய். மதிப்பிடுவது இரண்டாவது பாதியில் இருக்கிறது."

அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னாலும் அது வக்காலத்து. வாயை இறுக மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு சிரமப்பட்டு மூடியதில்லை. ப்ரேபன் பாடத்திட்டத்தை எடுத்து மதிப்பீடு பற்றிய பந்தியை விரலை வைத்து வாசித்தார். தன் குறிப்புகளை முதலிலிருந்து வாசித்தார். நடைபாதையில் மேரி இருமுவது கேட்டது. ப்ரேபன் அழிறப்பரை எடுத்துத் தாளின் ஓரத்தை அழித்தார்.

"ஏழு," என்றார். "நடுவில் அந்த அமைதி இல்லையென்றால் பத்து."

"நானும் ஏழுதான் வைத்திருக்கிறேன்," என்றேன். அது உண்மை.

ஜெயசீலனை உள்ளே கூப்பிட்டு நானே புள்ளியைச் சொன்னேன், டேனிஷில். அவர் ப்ரேபனின் கையைக் குலுக்கினார். வெளியே மகள் கொடியை ஆட்டினாள், மேரி சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். நான் அடுத்தவருக்குத் தண்ணீர் எடுக்க நடைபாதையால் போனபோது ஜெயசீலன் பின்னால் வந்தார்.

"ரீச்சர்." அந்த வருடத்தில் அவராகத் தமிழில் தொடங்கிய முதல் பேச்சு அது. "நான் கதைச்சது உங்களுக்குக் கேட்டதா?"

"கீழ பிள்ளையளின்ர சத்தம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை," என்றேன்.

அந்த ஜன்னல் பூட்டித்தான் இருந்தது. கீழே பிள்ளைகள் இல்லை, இருக்கையோடு மல்லாடிய ஒருவன் மட்டுமே. இரண்டும் அவருக்குத் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்.

"நல்லது ரீச்சர்," என்றார். "இன்னொரு நாளைக்கு வந்து சொல்லுறன். தமிழில சொல்லுறன்."

பின்னேரமே நான் ஹென்னிங்கிடம் போய் நடந்ததைச் சொன்னேன். யாரும் முறையிடுவதற்கு முன்னால் நானே சொல்வது நல்லது என்று பட்டது. காலுறைக் காலை மற்றக் கதிரையில் நீட்டிக்கொண்டு கேட்டார்.

"எழுந்து ஜன்னலுக்குப் போனாயா?"

"ஓம்." பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன்.

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. "புள்ளியை முதலில் சொன்னது யார்?"

"ப்ரேபன்."

"அப்படியானால் சரி," என்றார். கதவடிக்கு நான் போன பிறகு, "ஆனாலும் சுவாரசியமாக இருக்கிறது," என்றார். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜெயசீலன் ரண்டர்ஸில் படித்து முடித்து அங்கேயே வயதுவந்த ஊனமுற்றோருக்கான இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். கலியாண வீடுகளில் காண்பேன். சுகம் விசாரிப்பார், பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுவார், அவ்வளவுதான். நானும் ஒன்றும் கேட்கவில்லை. எவடம் என்று கேட்கும் பழக்கத்தையே யாரிடமும் விட்டுவிட்டேன். என் தங்கைகூட உனக்கு என்ன பிடித்தது என்று கேட்டாள்.

நான் ஓய்வு பெற்றபின் இந்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் மேரியும் காரில் வந்து இறங்கினார்கள்.

"இனி நீங்க எனக்குப் புள்ளி போட ஏலாதே ரீச்சர்," என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். தேநீர் குடித்து முடியும்வரை காலநிலை, பெற்றோல் விலை என்று கதைத்தார். பிறகு சிரிப்பு நின்றது. மேரி அவர் முழங்காலில் கையை வைத்தார்.

"அண்டைக்கு நான் சோதனையில சொன்னதில ஒண்டு பிழை, ரீச்சர். அண்ணன் எந்தக் கட்சியும் இல்ல. அவர் தோணிக்குத் தார் பூசிற வேலை, அவருக்கு ஒரு கட்சியும் தெரியாது. கட்சி எனக்குத்தான். நோட்டீஸ் கட்டு என்ட. அது குடுக்க வேண்டிய நாளில எனக்குக் காய்ச்சல், எழும்ப ஏலல்ல. குடுக்காட்டி மானம் போயிடும் எண்டு நான்தான் அழுதன். தம்பி அழுறான் எண்டு அவர் தூக்கிக்கொண்டு போனவர்."

எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததும் மேரி நிமிர்ந்து அவரைப் பார்த்த விதத்தில், மேரியும் அதைக் கேட்பது முதல் தடவை என்று விளங்கியது. நான் அழுதேன். ஆறுதல் சொல்ல எனக்கு அப்போதும் ஒன்றும் தெரியவில்லை, ஜெயசீலன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

போகும்போது வாசலில் நின்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"நீங்க எழுதுறவங்கதானே. இத எழுதுங்க. தமிழிலயே எழுதுங்க. என்ட பேர மாத்துங்க, கட்சிட பேர் வேணாம், ஊரும் வேணாம். அந்தக் கட்டு ஆருட எண்டத மட்டும் மாத்திராதீங்க, ரீச்சர்."